பீரோவுக்குள் ஒரு பாட்டி

பழைய போர்வையை என்ன செய்வது என்று போன முறை ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘போர்த்திக்கொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அதன் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால் திருவண்ணாமலையில் வெயிலைவிடப் போர்வை அதிகம் போலிருக்கிறது. ஆகவே அரசியல், சினிமா, சாதகப் பலன் எல்லாம் அடுத்த முறை. இந்த முறை போர்வை மட்டும்.

கே: பாட்டி விட்டுப்போன பூவேலைப் போர்வை எங்கள் வீட்டு பீரோவில் முப்பது வருடமாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்? (ஒரு பேத்தி, வேட்டவலம்)

ப: பீரோவைத் திறக்க வேண்டும்.

கே: நாங்கள் திறந்தோம். கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தும் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக விட்டுப்போயிருக்கிறது. யார் செய்த வேலை இது? (தம்பதி, போளூர்)

ப: பாதுகாப்பு செய்த வேலை. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்து இழை ஒடியும். அதற்கு மேல் பாலிதீன் உறை வேறு போட்டிருப்பீர்கள். ஐப்பசி மழையில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூஞ்சையாகப் பூத்திருக்கும். உறையைக் கழற்றி, நன்றாக அலசிக் காயவைத்த பழைய மல் வேட்டியில் சுற்றுங்கள். மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. துணிக்கடைகளில் தூக்கி எறியும் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றி, அதற்கும் மேல் போர்வையைச் சுருட்டிவையுங்கள். மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மடிப்புக்குள் துணிச் சுருள் ஒன்று கொடுங்கள், ஒவ்வொரு முறையும் மடிப்பு இடத்தை மாற்றுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம். துருக்கறை, போர்வையோடு சேர்ந்து அதுவும் பரம்பரைக்கு வரும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்குகிறோம், பொங்கலுக்குப் பரண் தட்டுகிறோம். அந்த நாட்களில் இதையும் எடுத்து நிழலில் ஒரு மணி நேரம் விரித்துப் போடலாம். நிழலில் என்றேன். மொட்டை மாடியில் அல்ல.

கே: பூச்சி வரக்கூடாது என்று அந்துருண்டையோடு நாலு கட்டி பூசைக் கற்பூரமும் போட்டுவைத்தேன். இப்போது போர்வையில் எண்ணெய் வடிந்தாற்போல் கறை. சாமி குத்தமாக இருக்குமோ? (பக்தர், சன்னதித் தெரு)

ப: வேதியியல் குத்தம். அந்துருண்டையும் கற்பூரமும் தனித்தனியே கெட்டியாக இருப்பவை. ஒன்றோடு ஒன்று உரசிக் கிடந்தால் உருகுநிலை சட்டென்று இறங்கிவிடும். நம் ஊர்ச் சித்திரையில் இரண்டும் இளகிக் கூழாகித் துணியில் ஊறும். ஏதாவது ஒன்றை மட்டும், அதுவும் துணியில் படாமல் சிறு பையில் கட்டி மேல்தட்டில் வையுங்கள். வசம்பு, காய்ந்த வேப்பிலை போடும் வழக்கமும் நல்லதுதான். ஆனால் அவை இருக்கும் தைரியத்தில் வருடம் முழுக்கத் திறக்காமல் இருந்தால் பூச்சிக்குத்தான் நிம்மதி.

பறக்கிற அந்துப்பூச்சியை அடித்து வீரம் காட்டுவதில் பயனில்லை. அது துணியைத் தின்பதே இல்லை. தின்பது அதன் புழு. கம்பளியும் பட்டும் அதற்குச் சாப்பாடு, வியர்வைக் கறையும் குழம்புக் கறையும் தொட்டுக்கொள்ள. அழுக்கோடு உள்ளே வைப்பது பந்தி பரிமாறுவதற்குச் சமம். புழு விழுந்துவிட்டதென்றால், துணியைப் பாலிதீனில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவிடலாம். அருங்காட்சியகங்களிலும் இப்படிச் செய்கிறார்கள். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் துணியில் நீர் கோக்காது. ஐஸ்கிரீம் கடைக்காரர் நண்பராக இருந்தால் இன்னும் சௌகரியம்.

கே: அந்தப் போர்வையில் பிறந்த குழந்தையைச் சுற்றிப் படம் எடுக்க ஆசை. எடுக்கலாமா? (புதுப் பாட்டி, கீழ்பென்னாத்தூர்)

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் வேடிக்கை இல்லாமல் பதில் சொல்கிறேன். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக்குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். குறை இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்துருண்டை தொடாத புது வேட்டியில் குழந்தையைச் சுற்றுங்கள். போர்வையைப் பின்னால் சுவரில் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். படத்தில் பாட்டி இருந்தாற்போலும் ஆயிற்று.

கே: பஞ்சாபில் புல்காரி, வங்காளத்தில் காந்தா, காஷ்மீரில் சால்வை. ஊசி வேலை செய்த போர்வை என்று சொல்லிக்கொள்ள நம் தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லையா? (ஆதங்கத்துடன் ஓர் ஆசிரியை, செய்யாறு)

ப: இருக்கிறது. நாம்தான் அதை ஊட்டியில் பர்ஸாகவும் கைப்பேசி உறையாகவும் வாங்கிக்கொண்டு வருகிறோம். நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியைச் சொல்கிறேன். வெள்ளையாக, தடித்த பருத்தித் துணி. அகலம் போதாது என்பதால் இரண்டு துண்டை நடுவில் இணைத்துத் தைத்து, ஆணும் பெண்ணும் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்கிற அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள். ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக நெசவிலேயே பட்டை ஓடும். அந்தப் பட்டைகளை ஒட்டித்தான் ஊசி வேலை. துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியே வாங்குகிறார்கள். வேலைப்பாடு தோடப் பெண்களுடையது.

பென்சில் கோடு கிடையாது, மாதிரிப் படம் கிடையாது. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். எருமைக் கொம்பு, மலை, சூரியன், தேனடை என்று அவர்கள் கண்முன் இருப்பதெல்லாம் கட்டம் கட்டமாகத் துணியில் ஏறுகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தறியிலேயே விழுந்த வேலை என்று சத்தியம் செய்வீர்கள். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நூல் மேடு தட்டி நிற்கும் பக்கத்தை நாம் ‘உள்பக்கம்’ என்று மறைப்போம். அவர்கள் அதைத்தான் வெளியே காட்டுகிறார்கள். 2013-இல் இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பரம்பரைச் சொத்து என்று பார்த்தால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தோடர் வழக்கத்தில் இறந்தவரை நல்ல பூத்துக்குளியில் சுற்றித்தான் வழியனுப்புகிறார்கள். 1901, 1902-இல் நீலகிரியில் ஆய்வு செய்து, தோடர்களைப் பற்றி 1906-இல் தடித்த புத்தகம் எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இந்தச் சடங்குகளைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். நேர்த்தியான துணி நெருப்போடு போய்விடுகிறது. பேத்திக்கு மிஞ்சுவது அந்த எண்ணிக்கைதான்: எத்தனை இழை விட்டு ஊசியை இறக்க வேண்டும் என்கிற கணக்கு. சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு சமூகம் பீரோ, லாக்கர், அந்துருண்டை எதுவும் இல்லாமல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் வீடுகளில் போர்வை இருக்கிறது, தைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாருடையது பரம்பரைச் சொத்து என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், டீச்சர்.

கே: அதெல்லாம் ஊட்டி. நம் மாவட்டத்துக்கு என்ன பெருமை? (உள்ளூர்ப் பற்றாளர், செங்கம்)

ப: செங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் மன்னன் நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில், கூத்தர்களுக்கு அவன் கொடுத்த துணியைப் பற்றிப் பேச்சு வருகிறது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய நூலாம். பரிசு வாங்கியவர்கள் அதைப் பீரோவில் வைத்தார்களா, கட்டிக் கிழித்தார்களா என்று புலவர் சொல்லவில்லை. ஆரணியில் பட்டு இருக்கிறது, புவிசார் குறியீட்டோடு. ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு ‘காஞ்சிபுரம்’ என்று சொல்லிக்கொள்கிற வீடுகளும் இருக்கின்றன. பெயர் எழுத மாட்டேன்.

கம்பளி என்றால் குரும்பர்கள். தங்கள் ஆட்டின் மயிரைக் கத்தரித்து, நூற்று, சாயம் ஏற்றாமல் ஆட்டின் நிறத்திலேயே நெய்தார்கள். பூவேலை கிடையாது, குத்தும், மழையில் நனைந்தால் ஆட்டு மந்தை வீட்டுக்குள் வந்தாற்போல் நெடி அடிக்கும். ஆனால் மடி பார்க்கும் வீடுகளில் பட்டுக்கு அடுத்து அதற்குத்தான் மரியாதை. தினம் துவைக்காமலே சுத்தம் என்று ஏற்றுக்கொண்ட துணி அது. இன்று அந்தக் கம்பளி ஒன்று வீட்டில் கிடைத்தால் விடாதீர்கள். கடையில் கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி ஆட்டைப் பார்த்ததே இல்லை.

மாவட்ட எல்லையைச் சற்றுத் தாண்டினால் தருமபுரிப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி. அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கைவசம் வைத்திருந்த சில மூதாட்டிகளிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். இப்போது ‘போர்கை’ என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து விற்கவும் செய்கிறார்கள். மூதாட்டிகள் இருக்கும்போதே கேட்டதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம்.

கே: கிரிவலப் பாதையில் ஒரு வியாபாரி, ‘இருநூறு வருடத்துச் சால்வை, ராஜ குடும்பத்துடையது’ என்று ஒன்றைக் காட்டினார். அடர்ந்த ஊதா நிறம், கண்ணைப் பறிக்கிறது. வாங்கலாமா? (ஏமாற விரும்பாதவர், தண்டராம்பட்டு)

ப: கண்ணைப் பறிப்பதுதான் இடிக்கிறது. செயற்கைச் சாயம் உலகத்துக்கு வந்ததே 1856-இல், வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் கொய்னா மருந்து செய்யப் போய், ஊதாவைக் கண்டுபிடித்தபோதுதான். இருநூறு வருடத்துச் சால்வையில் அந்த ஊதா எப்படி ஏறியது என்று வியாபாரியிடம் கேளுங்கள். ராஜா முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருந்தார் என்பார்.

அடுத்து, திருப்பிப் பாருங்கள். கைவேலையின் பின்பக்கத்தில் முடிச்சும் தாவலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். இயந்திர வேலை ஒரே சீராக ஓடும். குஞ்சத்திலிருந்து உதிர்ந்த ஒரு நூலை வாங்கிக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், விரலால் நசுக்கினால் பொடி. அக்ரிலிக் என்றால் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். நூல் கொடுக்க மறுத்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பழசாகக் காட்ட டீத் தண்ணீரில் முக்கி எடுக்கிற வித்தையும் உண்டு. முகர்ந்து பாருங்கள், ஏலக்காய் மணந்தால் நகர்ந்துவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு அழகாக இருக்கிறது என்று தோன்றினால் வாங்குங்கள், புதுச் சால்வையின் விலைக்கு.

கே: கொள்ளுப்பாட்டியின் சீதனச் சால்வை நூறு வருடத்துக்கு மேற்பட்டது. மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான், எடுத்துப்போகிறேன் என்கிறான். சரிதானே? (பெருமைக்குரிய தாய், திருவண்ணாமலை)

ப: சட்டத்துக்குச் சரியில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கலைப்பொருளோ கைவினைப்பொருளோ நூறு வயதைத் தாண்டிவிட்டால் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மாட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. வீட்டில் சொல்வதைவிட வயது குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு. பாட்டிகள் தங்கள் வயதைக் குறைத்தாலும் பொருட்களின் வயதைக் கூட்டியே சொல்வார்கள். அப்படியானால் ‘தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு போகலாம்.

அதற்கு முன் இன்னொன்று. அது மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வருகிற அளவுக்கு மெல்லியதா? ஆம் என்றால், அது ஷாதூஷாக இருக்கக்கூடும். திபெத்தியச் சிரு மானின் அடிமயிர். மானை உயிரோடு விட்டு அந்த மயிரை எடுக்க முடியாது. ஒரு சால்வைக்கு மூன்று நான்கு மான்கள் செத்திருக்கும். பன்னாட்டு வணிகத்துக்குத் தடை, இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியல். விற்பது குற்றம், உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே வில்லங்கம். அமெரிக்க விமான நிலையத்தில் மகனுக்கு இதை விளக்க வராது.

கே: அம்மா போன பிறகு போர்வைக்கு நாங்கள் நாலு பேர் சண்டை. நாலாக வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். (கடைசித் தங்கை, வந்தவாசி)

ப: மரியாதை ராமன் இருந்திருந்தால் ‘வெட்டலாம்’ என்று முதலில் சொன்னவரிடமிருந்து போர்வையைப் பிடுங்கியிருப்பார். கோயிலில் அர்ச்சகர்கள் முறை வைத்துக்கொள்கிறாற்போல், வருடத்துக்கு ஒருவர் என்று வையுங்கள். கைமாறும் நாளில் நாலு பேரும் வந்தாக வேண்டும், விரித்துப் பார்த்து எண்ணி ஒப்படைக்க வேண்டும். போர்வைக்கும் காற்றாடும், நீங்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது பேசிக்கொள்வீர்கள். தங்கை என்பதால் உங்கள் பங்கு குறைவு என்று யாராவது ஆரம்பித்தால், அம்மாவின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கே: கிழிசலைத் தைத்தால் பழம்பொருளின் மதிப்பு போய்விடுமாமே? (குழப்பத்தில் ஒருவர், ரமணாசிரமம் அருகில்)

ப: அந்த முகவரியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? ரமணர் மலைமேல் இருந்த நாட்களில் கோவணம் கிழிந்தபோது, ஒரு முள்ளை எடுத்து, இன்னொரு முள்ளால் அதில் காது குத்தி, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவித் தைத்துக்கொண்டதைப் பின்னாளில் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். ஊசி வாங்கக் கடைக்குப் போகவில்லை.

வங்காளத்துக் காந்தாவின் சூத்திரமும் ஏறக்குறைய அதுதான். நைந்த சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். கிழிந்ததை வைத்துப் பிறந்த போர்வைகள்தான் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. உங்கள் போர்வையில் ஓட்டை பெரிதாகாமல் இருக்க, அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, அதில் லேசாகப் பிடித்துத் தையுங்கள். நைலான் நூல் வேண்டாம், பழைய இழையை அறுத்துவிடும். ஃபெவிகால் கையில் இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். துவைக்கிற ஆசை வந்தால், ஈரப் பஞ்சை ஓர் ஓரத்தில் சிவப்பு நூல்மேல் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் ஆசையை அடக்குங்கள்.

கே: மேடையில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பேரன்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வைக்கலாமா? (முன்னாள் தலைவர், ஊர் வேண்டாம்)

ப: பாலியஸ்டர் மக்காது, பேரன்கள் விரும்பாவிட்டாலும் இருக்கும். சால்வைக்கும் மதிப்பிருந்த காலம் ஒன்று உண்டு, தலைவரே. 1846-இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையில் காஷ்மீரை குலாப் சிங் கையில் கொடுத்த ஆங்கிலேயர்கள், வருடா வருடம் கேட்ட கப்பம்: ஒரு குதிரை, பன்னிரண்டு ஆடு, மூன்று ஜோடி காஷ்மீர்ச் சால்வை. உங்களிடமுள்ள நூறைக் கொடுத்தால் ஒரு ஆடு வருமா என்று சந்தையில் விசாரித்துப் பாருங்கள்.

கே: எங்கள் போர்வையை யார் தைத்தது என்றே தெரியவில்லை. அப்பாவின் சொத்து என்று மட்டும் சொல்கிறார்கள். (கல்லூரி மாணவி, கலசபாக்கம்)

ப: தைத்தது பாட்டி, சொத்து அப்பாவுடையது. உலகம் முழுக்க இதே கதை. பஞ்சாபில் பேரன் பிறந்ததும், அவனுக்கு வரப்போகும் மனைவிக்காகப் பாட்டி ஒரு புல்காரியைத் தொடங்குவாள். வருடக்கணக்கில் தைத்து முடிப்பாள். அந்தத் துணிகளில் பலவும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அட்டையில் இடம் இருக்கும், காலம் இருக்கும், தைத்தவள் பெயர் மட்டும் இருக்காது.

உங்கள் வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் அந்தப் போர்வையை அவர் மடியில் விரித்துவிட்டுக் கைப்பேசியில் பதிவு பொத்தானை அழுத்துங்கள். ‘இது யார் தைத்தது’ என்று கேட்டால் ‘யாருக்குத் தெரியும்’ என்பார். ‘இந்த மயில் ஏன் கோணலாக இருக்கிறது’ என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் ஓடும். யாருக்குக் கண் சரியில்லை, யார் பாதியில் புகுந்த வீட்டுக்குப் போனாள், மிச்சத்தை யார் முடித்தாள் எல்லாம் வரும். பிறகு சிறு பருத்தி நாடாவில் பெயர், ஊர், தோராயமான வருடம் மூன்றையும் நூலால் தைத்து ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். பேனா மை வேண்டாம், ஊறிவிடும்.

கே: முழுசாக நைந்துபோன பழைய போர்வையைக் கார்த்திகை தீபத் திரிக்குக் கொடுத்தால் புண்ணியமா? (ஆன்மிகச் செம்மல், பே கோபுரத் தெரு)

ப: புண்ணியக் கணக்கு என் கையில் இல்லை. ஆனால் மகாதீபத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் புதுக் காடாத் துணியைத் திரியாக்கி, ஆயிரக்கணக்கான கிலோ நெய்யோடு மலை ஏற்றுகிறார்கள். உங்கள் போர்வை கம்பளியாக இருந்தால் ஜோதிக்குப் பதில் ஊர் முழுக்க முடி கருகிய நாற்றம்தான் வரும். காடாத் துணியாவது எரிந்த பிறகு மையாகி, ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாற்றப்பட்டு, பிரசாதமாக நம் நெற்றிக்குத் திரும்பி வருகிறது. உங்கள் போர்வைக்கு அந்த யோகம் இல்லை. வேலைப்பாடு மிச்சம் உள்ள ஒரு சாண் துணியைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். கண்ணாடி துணியில் ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும், வெயில் படாத சுவராக இருக்க வேண்டும். மீதியைத் தலையணைக்குள் திணியுங்கள்.

கே: இவ்வளவு சொல்கிறீர்கள். மாமியாரிடம் அருமையான பழைய போர்வை ஒன்று இருக்கிறது. தொடக்கூட விடமாட்டேன் என்கிறார். எப்படி வாங்குவது? (மருமகள், ஆரணி)

ப: அருங்காட்சியகத்திலிருந்து வாங்குவது சுலபம். ‘அத்தை, இதை யார் தைத்தது?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். போர்வை வருகிறதோ இல்லையோ, காபி வரும்.